கிளிமீன் தொட்டியும் பூர்ணிமாவும்

6 மார்ச் 1983

கிளிமீன்கள் வந்து ஒரு வாரம். நண்பன் குருமூர்த்தி தான் வேலை செய்யும் கப்பலில் போர்ட் பிளேரிலிருந்து கொண்டுவந்த ஜோடி. கூடத்துச் சுவரை அடைத்து நிற்கும் என் கடல்நீர்த் தொட்டிக்கு இப்போதுதான் களை வந்திருக்கிறது. பச்சையும் நீலமுமாய் உடம்பு, கிளி மூக்குப் போல வாய். பவளக்கல்லைக் கடிக்கும் சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்கிறது. கல்கத்தாவில் எங்கள் லேக் கார்டன்ஸ் பகுதியில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது.

9 மார்ச்

விடிகிற நேரம் விளக்கைப் போட்டால், பெரிய மீன் வழவழப்பான ஏதோ ஒன்றுக்குள் அசையாமல் கிடந்தது. சோப்பு நுரை போல. கையை விட்டுக் கிழித்தெடுத்தேன். மிரண்டு பாறையில் மோதிக்கொண்டது.

நேற்று சோப்புத்தூள் வாளியோடு தொட்டியடியில் தரை துடைத்தவள் பூர்ணிமா. வேலைக்கு வந்ததும் கேட்டேன். "ஆமி கிச்சு கொரினி, தாதாபாபு." ஒன்றுமே செய்யவில்லை அண்ணா என்கிறாள், அழுகை வேறு. பொய் சொல்லாதே என்று கத்தி, வாசலைக் காட்டினேன்.

"ஆறு வருஷமா வீட்டுச் சாவியே அவகிட்டதாங்க இருக்கு" என்றாள் என் மனைவி சகுந்தலா. அவளையும் அடக்கினேன்.

10 மார்ச்

பெரியது செத்துவிட்டது.

12 மார்ச்

பூர்ணிமா வேலை செய்கிற மற்ற இரண்டு வீடுகளிலும் சொல்லிவிட்டேன் - மாடியில் குடியிருக்கும் தத்தாபாபு, எதிர்வீட்டுப் பெரியம்மா மாஷிமா. இருவருமே அவளை நிறுத்திவிட்டார்கள். எனக்குச் சமாதானமாக இருந்தது.

19 மார்ச்

மிச்சமிருக்கும் மீனையும் அதே நுரை மூடியிருந்தது. பூர்ணிமா இல்லை. வேறு யாரும் வரவுமில்லை. அப்படியென்றால்? தொட பயந்து நின்றேன். வெளிச்சம் ஏறியதும் தானே அதை உதறிவிட்டு நீந்தியது.

24 மார்ச்

கப்பல் வந்திருந்தது. குருமூர்த்தியிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். "அது தானே போத்திக்கிற போர்வைடா! வாய்லேர்ந்து கொழகொழன்னு விட்டு, அதுக்குள்ளதான் தூங்கும். நீ சும்மா இருந்திருந்தா அதுவே வெளிய வந்திருக்கும்."

மீனைக் கொன்றவன் நான். அப்ப அவ? அவ என்ன பண்ணினா? ஒண்ணும் பண்ணல. அதத்தானே அழுதுக்கிட்டே சொன்னா.

25 மார்ச்

சகுந்தலாவிடம் சொன்னேன். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள்.

27 மார்ச்

மாடிக்கும் எதிர்வீட்டுக்கும் போனேன். தப்பு என்னுடையது, அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். "ஒரு மீனுக்காகவா?" என்று மட்டும் கேட்டாள் மாஷிமா. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு ரயில் பாதை ஓரம், பூர்ணிமாவின் குடிசை. பழைய பேப்பரில் பொட்டலப் பை ஒட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த வங்காள மொழியில், தப்பு நடந்துவிட்டது என்றேன். நடந்துவிட்டதாம்! நான் செய்தேன் என்று சொல்ல இரண்டாம் தடவைதான் வாய் வந்தது. அந்த இரண்டு வீட்டிலும் கூப்பிடுகிறார்கள், எங்கள் வீட்டுக்கும் வா என்றேன்.

பசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க வீட்டுக்கெல்லாம் வர்றேன், தாதாபாபு. உங்க வீடு வேணாம். நாளைக்கு அங்க எது செத்தாலும் என் முகத்தைத்தான் பார்ப்பீங்க."



10 ஏப்ரல்

காலையில் மாடிப்படியில் பூர்ணிமா. ஒதுங்கி நின்றேன். ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் தத்தாபாபு வீட்டிலிருந்து அவள் சிரிப்புக் கேட்டது. நம் வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததை நான் எப்போதாவது கவனித்திருக்கிறேனா?

சகுந்தலா வேறு ஆள் தேடவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து என் கையில் கொடுத்தாள். கூடத்தைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்பினேன்.