புத்தக லிப்டுக்கு ஒரு பெடல்

ஜூன் 10, திங்கள்

விடியத் தொடங்கிய மழை. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே பயணம். வரைபடச் சுருள் ஒரு முனை நனைந்துவிட்டது.

பல்கலைக்கழக நூலகத்தில் இதுவரை வந்திருக்கும் புதுமைகள்:

மேசை விளக்கு 24. எரிபவை 19.

அட்டைப் பட்டியல் அலுமாரி. இழுப்பறைகள் மழைக்கு ஊதிவிட்டன. இரண்டு பேர் இழுத்தால்தான் வரும்.

இரண்டு மணி நேர இரவல். பாடப்புத்தகத்துக்கு மட்டும்.

புத்தக லிப்ட். இது என் வேலை.

வாசிப்பு அறை மேல்மாடி, களஞ்சியம் கீழே. மாணவன் சீட்டு எழுதிக் கொடுத்தால் சிப்பந்தி படியிறங்கி, தேடி, படியேறி வர இருபது நிமிடம். லிப்ட் இருந்தால் ஐந்து. கீழே நிற்பவர் பெட்டியில் புத்தகத்தை வைத்து, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்து, பெட்டி மேலே போனதும் காலால் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மேலே புத்தகத்தை எடுத்து மணி அடிக்கும்வரை கால் பெடலில். கை இரண்டும் சும்மா. தையல் மெஷின் பார்த்த எவனுக்கும் விளங்கும்.

நூலகர் (வெள்ளைக்காரர், இனி நூ.) இன்று கூப்பிட்டுச் சொன்னது: சனிக்கிழமை குழு பார்வையிட வருகிறது. லிப்ட் ஓடினால் என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வார். ஓடாவிட்டால் லிப்டுக்காக மேல்மாடித் தரையில் வெட்டிய துளையைப் பலகை அடித்து மூடுவது, என் தற்காலிக வேலையும் மாத முடிவோடு சரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஜூன் 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

முதல் ஓட்டம். களஞ்சியச் சிப்பந்தி கந்தையா அண்ணை. கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவர், எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் என்பது தலைக்குள் இருக்கிறது. பெட்டியில் ஐந்து புத்தகம் வைத்தார். கயிறு இழுத்தார். பெட்டி அழகாக ஏறியது. பிறகு மனிதர் குனிந்து பெடலைக் கையால் அமத்தினார். கயிற்றில் மிச்சம் ஒரு கை. அது வழுக்கியது. பெட்டி விழுந்தது. இரசாயனப் புத்தகம் ஒன்று முதுகு கிழிந்து கிடக்கிறது.

"ஏன் அண்ணை குனிஞ்சனீங்கள்?"

"அமத்திப் பிடிக்கச் சொன்னீங்கள். பிடிச்சன்."

"காலால எண்டு சொன்னனான்."

"ஓம், சொன்னனீங்கள்."

சுவரோடு கதைப்பது மேல்.

ஜூன் 12, புதன்

களஞ்சியத்தின் மற்றச் சிப்பந்தி பியதாஸவை நிறுத்திப் பார்த்தேன். இளம் ஆள், பந்தடிப்பவன், காலுக்குக் குறைவில்லை. அவனும் குந்தியிருந்து கையால்! காலைத் தட்டி, காலால் என்று சிங்களத்தில் சொல்லிக் காட்டினேன். "ககுலென், ககுலென்."

"பெஹே மாத்தயா."

முடியாதாம். ஏன் முடியாது? பெட்டியைப் பார்க்கிறான், தன் காலைப் பார்க்கிறான், கந்தையா அண்ணையைப் பார்க்கிறான்.

கடைசியில் அண்ணைதான் வாய் திறந்தார். "தம்பி, கோவிக்காதேங்கோ. உள்ளுக்கை புத்தகம் இருக்குது. அதைக் காலால மிதிச்சு ஏத்திறதோ?"

"ஏத்திறது கயிறு அண்ணை. கால் நிப்பாட்ட மட்டும்."

"அப்ப, போற சரஸ்வதியைக் காலால நிப்பாட்டிறதோ?"

பியதாஸவுக்குத் தமிழ் அவ்வளவு விளங்காது. இதற்கு மட்டும் தலையாட்டினான்.

பெடலுக்கும் புத்தகத்துக்கும் நடுவே ஆறு அடி கம்பி, ஒரு கப்பி, ஒரு பிரேக் கட்டை. படம் கீறிக் காட்டினேன். அண்ணை கவனமாகப் பார்த்துவிட்டு, "நல்லாக் கீறியிருக்கிறியள்" என்றார்.

தலையிடி. அஸ்பிரின் இரண்டு.

ஜூன் 13, வியாழன்

அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அண்ணை கயிறு இழுப்பார், பியதாஸ குந்தியிருந்து பெடலைக் கையால் பிடிப்பான். ஆகவே தட்டுகளில் புத்தகம் தேட ஒருவரும் இல்லை. சீட்டுகள் குவிந்தன. மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன்: இருபத்தைந்து நிமிடம். லிப்ட் இல்லாதபோது இருபது.

கவுண்டரில் ஒரு மாணவன்: "மச்சான், படிக்கட்டு இதை விட ஸ்பீட்." நான் பின்னால்தான் நின்றேன்.

நூ. வந்து பார்த்தார். துளையின் அகலத்தைச் சாண் வைத்து அளந்துகொண்டு போனார்.

இரவுச் சாப்பாட்டில் அக்காவிடம் சொன்னேன். பிட்டைக் குழலிலிருந்து தள்ளியபடி கேட்டாள். "உருளைக்கிழங்கு ஏத்திப் பார். மிதிப்பினம்." உதவாத யோசனை. ஆனால் சிரிப்பு வந்தது, அது இன்னும் எரிச்சல்.

ஜூன் 14, வெள்ளி

காலையிலேயே முடிவுகட்டிவிடுவது என்று களஞ்சியத்துக்கு இறங்கினேன். பழைய பட்டியல் புத்தகம் ஒன்று மூலையில் கிடந்தது. அட்டைப் பட்டியல் வந்தபின் அதற்கு வேலை இல்லை, பூச்சி தின்றது, அடுத்த கிழமை குப்பைக்குப் போகிறது. தூக்கி நிலத்தில் விரித்து வைத்தேன். இருவரையும் கூப்பிட்டேன்.

"இதைப் பாருங்கோ. கம்பியும் இல்லை, கப்பியும் இல்லை. நேராப் புத்தகத்துக்கு மேலையே மிதிக்கிறன். என்ன நடக்குதெண்டு பாப்பம்."

காலைத் தூக்கினேன்.

இறங்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. தொடை தயார், முழங்கால் தயார், பாதம் மட்டும் ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. விரித்த பக்கத்தில் யாரோ ஒரு கிளாக்கர் குண்டு குண்டாக எழுதிய புத்தகப் பெயர்கள். மூன்று விநாடி இருக்கும். அரை மணி போல இருந்தது.

"மிதியுங்கோ தம்பி," என்றார் கந்தையா அண்ணை. "நாங்கள் பாத்துக்கொண்டுதான் நிக்கிறம்."

பியதாஸ மரியாதையாகக் கூரையைப் பார்த்தான்.

காலைப் பக்கத்தில் வைத்தேன். குனிந்து புத்தகத்தை எடுத்தேன். கை தானாகக் கண்ணுக்குப் போய்வந்தது. அதை அண்ணை கண்டார். அதுதான் பொறுக்க முடியாதது.

ஸ்குரூட்ரைவர் கேட்டேன். பெடலைக் கழற்றினேன்.

மத்தியானம் பழைய இரும்புக் கடைகள். இராணுவம் விற்றுத் தள்ளிய லொறி ஒன்றின் ஹேண்ட்பிரேக், பற்சக்கரத்தோடு. ஐந்து மணிக்குள் பூட்டியாயிற்று. கையால் ஒரு இழுவை, பல்லில் விழுந்து தானாக நிற்கிறது. பிடித்துக்கொண்டு நிற்கவே தேவையில்லை. ஆள் நகர்ந்து அடுத்த புத்தகத்தைத் தேடலாம். பெடலை விட நல்லது. முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜூன் 15, சனி

வெயில். சப்பாத்து மினுக்கினேன்.

குழு பத்து மணிக்கு. நாலு பேர், நூ. முன்னால். விளக்குகள் பார்த்தார்கள் (20 எரிந்தன). அட்டை அலுமாரியில் ஒரு துரை இழுப்பறையோடு மல்லுக்கட்டினார். பிறகு கீழே, லிப்ட்.

முதல் சீட்டு: நாலு நிமிடம். இரண்டாவது: மூன்றரை. அண்ணை ஹேண்ட்பிரேக்கை லொறிக்காரன் மாதிரி இழுத்தார். நூ.வின் முகத்தில் வெளிச்சம்.

மூன்றாவதற்குப் பெட்டியில் ஆறு புத்தகம் வைத்தாயிற்று. அந்நேரம் குழுவில் மூத்த துரைக்குச் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டது. பெட்டியின் விளிம்பு சரியாக முழங்கால் உயரம். காலைத் தூக்கி, புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்து, கயிறு கட்டத் தொடங்கினார்.

கந்தையா அண்ணை என்னைப் பார்த்தார். பியதாஸவும். கயிறு இழுக்க ஒருவரும் அசையவில்லை.

"சேர், காலை எடுங்கோ," என்றேன். இங்கிலீஷில்தான். தயவுசெய்து என்ற சொல் வாயில் வரவில்லை.

நூ.வின் காது சிவந்தது. மாத முடிவு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"ஏன்? பழுதாகிவிடுமா?" என்றார் துரை.

ஆகும் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பிரேக் கம்பி, பாரம், ஏதாவது.

"இல்லை சேர். புத்தகம் இருக்குது."

துரை புத்தகங்களைப் பார்த்தார். தன் சப்பாத்தைப் பார்த்தார். எடுத்தார். நிலத்தில் ஒரு முழங்காலை ஊன்றிக் கயிற்றைக் கட்டி முடித்தார். நாங்கள் மூவரும் காத்து நின்றோம். பிறகு அண்ணை கயிற்றை இழுத்தார். மூன்று நிமிடம்.

போகும்போது நூ. என் பக்கம் திரும்பாமலே: "திங்கள் காலை உன் சான்றிதழ்களைக் கொண்டுவா. நிரந்தரப் படிவத்துக்கு வேண்டும்."

அண்ணை பக்கத்தில் வந்து, "உருப்படியா ஒரு பிரேக் பூட்டியிருக்கிறியள், தம்பி," என்றார். எந்தப் பிரேக் என்று கேட்கவில்லை.

திங்கள் வேலை: சான்றிதழ்கள். மேசை விளக்கு பல்ப் 4. ஹேண்ட்பிரேக்குக்கு எண்ணெய். பெடல் இருந்த இடத்தில் நாலு ஓட்டை, அடைக்க வேண்டும்.