எந்தக் கரையில் இறங்குவது

ஞாயிறு, இரவு.

ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக ஸ்கூபா டைவிங் போகப்போகிறேன். டாக்டர் சரி என்றுவிட்டார். படகு வேண்டாம், கரையிலிருந்தே கடலில் இறங்கலாம் என்பதுவரை தெளிவு. எந்தக் கரை என்பதில்தான் குழப்பம்.

காலையில் பயிற்சியாளரிடம் போனில் கேட்டேன். "ராமேஸ்வரம் பக்கம் அலை கம்மி மேடம். ஆனா சிலிண்டரை மாட்டிக்கிட்டு மணல்ல ரொம்ப தூரம் நடக்கணும். புதுச்சேரி பக்கம் நடை கம்மி, அலை ஜாஸ்தி" என்றார். எது சுலபம் என்றால், "உங்க உடம்பு உங்களுக்குத்தானே தெரியும்" என்கிறார். எனக்குத் தெரியவில்லையே!

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் முழுதும் நடந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதனால் நடை பயமில்லை. கனம்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய வேர்க்கடலை மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நடந்து பார்த்தேன். வலிக்கவில்லை. இறக்கிவைக்கத்தான் தெரியவில்லை. வீட்டுக்காரர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"மல்லாட்டை மூட்டைய வெச்சா பாப்ப? அலை இல்லாத இடத்துக்கே போலாம். நான் கரையில உக்காந்து பாத்துக்கறேன்" என்றார்.

கரையிலா? இத்தனை வருஷமும் தண்ணீருக்குள் என் பக்கத்திலேயே வந்தவர். முடிச்சை அவிழ்த்து முடிப்பதற்குள் "வலிக்குதா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். கத்தி பட்டது என் வயிற்றில்தானே, பயம் அவருக்கா?

நாளைக்குப் பயிற்சியாளரிடம் மறுபடி பேச வேண்டும். யாருக்குச் சுலபமான கரை என்று கேட்பது?