பச்சைக் கேப்சூலும் துணிக்கொடியும்

மார்ச் 4, செவ்வாய்

மனம் நிலைகொள்ளாதபோது எண் போட்டு எழுதினால் கொஞ்சம் அடங்கும். ஆகவே:

1. மனைவி, எலும்பு டாக்டர் கொடுத்த வார மாத்திரையை நிறுத்திவிட்டாள்.
2. அவள் தங்கை கொண்டுவந்த பச்சைக் கேப்சூலை மட்டும் நம்பியிருக்கிறாள்.
3. பால்கனியில் துணிக்கொடியை நான் தாழ்த்திக் கட்டியது அவளுக்குத் தெரியாது.
4. தெரிந்தால் இடிந்துபோவாள். ஆகவே சொல்லக் கூடாது.

ஒவ்வொன்றாக எழுத வேண்டும். இன்று முதலாவது.

போன வருடம் குளியலறை வாசலில் வழுக்கினாள். பெரிதாக ஒன்றும் விழவில்லை. தரையில் கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு மெலியும், இவளுக்குச் சற்று வேகமாகவே மெலிகிறது என்றார் டாக்டரம்மா. வாரத்துக்கு ஒரு மாத்திரை. எழுந்ததும், வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. இவள் போட்டுக்கொண்டு மறுபடி போய்ப் படுப்பாள். நெஞ்சு எரியும். "இந்த மருந்து எனக்கு ஆகாது" என்பாள். படுப்பதால்தான் எரிகிறது என்று அவளிடம் சொன்னேனா? சொல்ல நினைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

இரண்டாவது.

இன்று மைத்துனி வந்திருந்தாள். கையில் புது டப்பா; மேலே இலைப்படம். சோயாவும் இன்னொரு செடியின் சாறும் சேர்ந்ததாம். அவள் இதை விற்கவில்லை, தானே சாப்பிடுகிறாள். அதனால்தான் அவளை எதிர்க்க வழியில்லை.

"அத்தான், விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி முகத்தை வச்சுக்காதீங்க. இது கெமிக்கல் இல்ல, செடி!"

அரளியும் செடிதான். இந்தப் பதில் அவள் லிஃப்டில் இறங்கிய பிறகுதான் எனக்கு வந்தது.

"எனக்கு உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியும். ராத்திரி போர்வையைத் தூக்கி எறிவேன். இதுலதான் நின்னுச்சு. அக்காவுக்கு எலும்பும் கெட்டியாகும் பாருங்க."

ஆயுள் முழுக்கக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன் நான். இதைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்திருக்கிறேன். சிலவற்றில் எலும்பின் அடர்த்திக்குச் சிறு பலன் தெரிகிறது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே எலும்பு முறிந்த ஒருத்தி டாக்டர் மருந்தை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பலாம் என்று நான் பார்த்த எதிலும் இல்லை. இதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். வந்தது: "சில பேருக்குப் பலன் இருக்கலாம்... இல்லாமலும் இருக்கலாம்..."

"அக்கா! கேட்டியா? அத்தானே ஒத்துக்கிட்டாரு!"

மார்ச் 9, ஞாயிறு

மூன்றாவது. இதை எழுதத்தான் மற்ற இரண்டையும் எழுதினேன் போலிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குதிகாலை உயர்த்தி எக்கினாள். அந்தக் கொடி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அவள் ஒருநாளும் எக்கியதில்லை. ஈரப் போர்வையைச் சுருட்டி மேலே வீசினாள். அது திரும்பி அவள் தலையிலேயே விழுந்தது. சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகெலும்புகள் வலிகூடக் காட்டாமல் நசுங்கலாம், உயரம் குறைவது அதன் அடையாளம் என்று படித்திருந்தேன்.

அவளிடம் சொல்வதற்குப் பதிலாக நான் செய்தது இது. அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது கொக்கிகளைக் கழற்றிக் கீழே இறக்கி அடித்தேன். பழைய துளைகளில் வெள்ளை மக்குப் பசை வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தும் விட்டேன். கோழைக்கு நேர்த்தி அதிகம்.

மறுநாள் துணி போட்டவள் உள்ளே ஓடி வந்தாள். "என்னங்க, கை நேரா எட்டுது! முன்ன எக்கிக்கிட்டு நின்னேன்ல? சின்னவ கொடுத்த கேப்சூல் வேலை செய்யுது!"

நான் "ஆமாம்" என்றேன்.

அதுவரை இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் மாத்திரையை நிறுத்தினாள்.

அளவுகோலை நகர்த்திவிட்டு அளவு சரி என்று எழுதும் மாணவனை நான் என்ன செய்திருப்பேன்?

மார்ச் 12, புதன்

சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

டாக்டரம்மாவிடம் போனோம். மாத்திரையை விட்டதை இவளே சொன்னாள். அவருக்குப் பிடிக்கவில்லை. "கேப்சூல் வேணும்னா சாப்பிடுங்க. அதுக்காக இதை விட்டா எப்படிம்மா? எரிச்சல்னா வேற வழி இருக்கு, என்கிட்ட வந்து சொல்லணும்ல?" என்றார். பிறகு கேட்டார்: "முதுகு வலி உண்டா? உயரம் குறைஞ்ச மாதிரி தெரியுதா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். எங்க வீட்டுத் துணிக்கொடியே சாட்சி. முன்ன எட்டாது, இப்ப எட்டுது."

"இந்த வயசுல வளர்றீங்களா?" என்று சிரித்தார். என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சார் சொல்றீங்க?"



"நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

வெளியே பெரிய கூட்டம். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். திரும்பும் வழியெல்லாம் இவள் உற்சாகமாக இருந்தாள். "டாக்டருங்களுக்குச் செடின்னாலே ஆகாது" என்றாள். எனக்கு உண்மையைச் சொல்ல ஓர் இடம், ஒரு கேள்வி, கேட்பதற்கு ஒரு டாக்டர், எல்லாம் இருந்தது. வேறென்ன வேண்டும் எனக்கு? வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா?

மார்ச் 15, சனி

மெத்தை விரிப்பை மாற்றக் குனிந்தாள். "ஐயோ" என்று ஒரு சத்தம். நான் போய்ப் பார்க்கும்போது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நிமிர முடியவில்லை.

"ஒண்ணும் இல்ல, பிடிச்சுக்கிச்சு. தைலம் எடுத்துட்டு வாங்க."

தைலம் தேய்த்தேன். பிடிப்பாகத்தான் இருக்குமோ? இருக்கலாம் — சீ, இந்த 'இருக்கலாம்' என்கிற வார்த்தையே வேண்டாம். எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தேய்க்கிறேன். என்ன மனுஷன் நான்?

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் தேநீரைக் கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மக்கு வைத்த இடத்தை விரலால் தடவித் தேடினாள். கண்டுபிடித்தாள்.

"எப்ப?"

"நீ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப."

"ஓட்டையைக்கூட அடைச்சீங்களா?"

"ம்."

"டாக்டர் கேட்டாங்களே, அப்பவும் தெரியுமா?"

"ம்."

"ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, கை எட்டுது, கை எட்டுதுன்னு. நீங்களும் தலையாட்டிக்கிட்டு நின்னீங்களே!"

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. தேநீரை முழுவதும் குடித்தாள்.

"டாக்டருக்குப் போன் போடுங்க. உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன்."

மார்ச் 19, புதன்

எக்ஸ்ரே. முதுகில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருக்கின்றன. ஒன்று பழையது, ஒன்று புதியது. பழையது நான் சுவருக்கு மக்கு பூசிய காலத்தது என்று நினைக்கிறேன்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அதற்கு என் மனைவிதான் பதில் சொன்னாள்: "அவர் சொல்லல. நானும் அளந்து பாக்கல. இனிமே என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

மாத்திரைக்குப் பதில் ஊசி. கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, ஆனால் நடக்க வேண்டும். வலி குறைந்ததும் உடற்பயிற்சி. நடக்கவே விடக் கூடாது என்று நான் மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். நல்லவேளை, அதை யாரும் கேட்கவில்லை.

மாலையில் தங்கையிடம் போனில் பேசினாள்.

"அப்ப கேப்சூல் வேஸ்ட்டாக்கா?" எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

"உனக்கு உடம்பு எரிச்சல் குறைஞ்சது நிஜம்டி. டாக்டர்கிட்டயும் கேட்டேன், வேணும்னா சாப்பிடுன்னாங்க. ஆனா முதுகெலும்பை அது தலையில கட்டினது நம்ம தப்பு. நீ ஏன் அழற? உங்க அத்தானே அழல. அழவும் அவருக்குப் பயம்."

மார்ச் 24, திங்கள்

வேண்டிய அளவுக்குப் பேசுகிறாள். உப்பு, கதவு, பால்.

ஏப்ரல் 3, வியாழன்

ஊசி போடப் போனோம். இத்தனை வருடங்களில் அவள் எந்த டாக்டரிடம் போனாலும் நானும் உள்ளே போவேன். பக்கத்து நாற்காலி என்னுடையது. இன்று பெயரைக் கூப்பிட்டதும் வழக்கம்போல் எழுந்தேன்.

"நீங்க இங்கேயே இருங்க. நான் தனியாப் பேசிக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோல் சொன்னாள். பைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. அவள் குரல் கேட்டது: இன்னும் எத்தனை எலும்பு இப்படி ஆகலாம், கூன் விழுமா, ஊசியை எவ்வளவு காலம் போட வேண்டும், நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்? நான் கேட்கப் பயந்த கேள்விகள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். பதில்கள் எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தவளிடம், "என்ன சொன்னாங்க?" என்றேன்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எல்லாத்தையும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று எண்கள் சரி. நான்காவது, 'தெரிந்தால் இடிந்துபோவாள்' என்றது, தவறு. அவளைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு என்னைப் பற்றி எழுதியிருக்கிறேன்.