வண்டுவின் கை அளவு

அன்புள்ள வண்டுவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை இன்ஜின் ரூமில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம். வேலை முடிந்து உங்கள் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள். போன ஞாயிறு போனில் கேட்டபோது நாங்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னேன். பொய்தான் சொன்னேன். வண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள், வேறு எதுவும் வாயில் வரவில்லை.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அவள் நடக்கிறாள், சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். அவள் கையில் ஒரு விரல் உடைந்து கோணலாக ஒட்டியிருக்கிறது. என் மேல் ஒரு வழக்கு இருக்கிறது, ஜாமீனில் வந்திருக்கிறேன். இரண்டும் ஒரே விஷயம்தான். ஒழுங்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் கப்பல் ஏறிய மறுமாதம் அவளைக் கிளட்ச் வைத்த, மண் பந்தயத்துக்கான டர்ட் பைக்குக்கு மாற்றினோம் இல்லையா? பதினொரு வயதுக்கு அவள் உயரம் போதும், கைதான் என் கையைப் போலவே சின்னது. பெரியவர்கள் கைக்குச் செய்த கிளட்ச் லீவர், அவள் விரலுக்கு எட்டவில்லை. பட்டறை வைத்திருக்கும் எனக்கு அது புதிய வேலை இல்லை. ஒரு அட்டையில் அவள் இடது கையை வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டேன். லீவர் அடியில் இருக்கும் குட்டித் திருகைத் திருகி, லீவரைக் கைப்பிடிக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தேன். கேபிளை எண்ணெய் விட்டு இலகுவாக்கினேன். இரண்டு விரல் லீவரின் நுனியில் வந்து உட்காரும்படி, அதைப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று குதித்தாள்.

மூன்று மாதம் போனது. பயிற்சியிலிருந்து வந்தவள், லீவர் எட்டவில்லை என்றாள். இன்னும் அரைச் சுற்றுத் திருகினேன். அடுத்த வாரம் மறுபடி வந்து நின்றாள். மெல்லிய கைப்பிடி மாட்டினேன். அதற்கடுத்த வாரமும் அதே பல்லவி. குட்டை லீவர் வாங்கிப் போட்டேன். திருகில் இனித் திருக இடம் இல்லை. அன்று பட்டறையில் இரண்டு வண்டி பிரித்துப் போட்டபடி கிடந்தன, எனக்கு எரிச்சல். ஓட்டத் தெரியாததற்கு லீவர் மேல் பழி போடாதே என்று கத்திவிட்டேன். அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை பயிற்சிப் பந்தயம். கொடி இறங்கியதும் அவள் வண்டி துள்ளிப் பாய்ந்து வேலிக் கம்பத்தில் மோதியது. லீவரை அவளால் பிடித்து வைக்க முடியவில்லை. பின்னால் வந்தவன் வண்டி அவள் முதுகை உரசிக்கொண்டு போனது. கவசம் காப்பாற்றியது. உதடு கிழிந்து நாலு தையல். பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இவளுக்குக் கை போதவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வேறு லீவர் தேடலாம் என்று அந்த அட்டையை எடுத்தேன். வளர்கிற பிள்ளை, அளவு மாறியிருக்கும் என்று அதே இடத்தில் கையை வைக்கச் சொன்னேன். வைத்தாள். நடுவிரல் பழைய கோட்டுக்கு உள்ளேயே நின்றது. நீட்டச் சொன்னேன், நீளவில்லை. பக்கத்து இரண்டு விரலும் கணுவில் கோட்டுக்கு வெளியே பிதுங்கி நின்றன. நான்கு மாதத்தில் பிள்ளையின் கை சுருங்கியிருந்தது. பத்து வருஷமாக இரும்பைப் பார்க்கிறேன், எது தேய்ந்தது, எது அடிபட்டது என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வாரமும் லீவரைப் பார்த்தேனே தவிர, கையைப் பார்க்கவில்லை.

கேட்டேன். கிளட்ச் தவறும்போதெல்லாம் மாஸ்டர் கையுறையைக் கழற்றச் சொல்லி, உடைந்த பழைய லீவர் ஒன்றால் கணுவில் அடிப்பாராம். எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டாம், அவளுக்கு அதிகமாம். அழாமல்தான் சொன்னாள்.

"அடிச்சா விரல் நீளும்னு மாஸ்டர் சொல்வாரும்மா. எனக்கு நீளல."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அந்த அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை அவளையும் அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பேசத்தான் போனேன். மாஸ்டர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். ஒரு சின்னப் பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். லீவர் இறங்கியதை நானே பார்த்தேன். அந்தச் சத்தத்தையும் கேட்டேன். அதன் பிறகு பேச்சு இல்லை.

அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி அதே கையில் போட்டேன். மடங்கி உட்கார்ந்தவரை விடவில்லை. தோளில், தாடையில், மறைத்த கைகளின் மேல் போட்டேன். இரண்டு பல் மண்ணில் விழுந்தன. எனக்கு எதுவும் கேட்கவில்லை, கண் இருட்டிவிட்டது என்று கோர்ட்டில் சொல்லச் சொல்கிறார் வக்கீல். உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? எல்லாம் கேட்டது. வாயில் ரத்தத்தோடு அவர் சொன்னதும் கேட்டது.

"நீங்கதானம்மா சொன்னீங்க, அடிச்சாவது கத்துக்குடுங்கன்னு."

சொன்னேன். அவரிடம் சேர்த்துவிட்ட அன்று, வண்டு தோளில் கை போட்டுக்கொண்டு, அவள் முன்னாலேயே சிரித்துக்கொண்டு சொன்னேன். நான் ஏன் என்று கேட்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். பேச்சுக்குச் சொன்னதுதான். பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டு நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை.

அதுவரை அடித்தது வண்டுக்காக. அதற்குப் பிறகு அடித்தது அந்த வாயை மூட. அதைத்தான் நான் நிறுத்தவில்லை. மைதானத்துக்குப் பக்கத்து டயர் கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் இழுத்துப் பிடிக்கும்போது அவருடைய மூன்று விரலும் தாடையும் உடைந்திருந்தன. திரும்பிப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். வண்டு மட்டும் நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் நான்கு பெற்றோர் வந்து தங்கள் பிள்ளைகளின் கைகளைக் காட்டினார்கள். அவர் மேலும் வழக்குப் பதிந்து மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். ஒருவர் மட்டும், அடி படாமல் யார் ஜெயித்தார்கள் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். ஆறு மாதம் முன்பு அவர் இடத்தில் நான்தான் இருந்தேன்.

வீட்டில் அவள் என்னோடு சண்டை போடுவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சொன்னதையெல்லாம் செய்கிறாள். நேற்று அலமாரி மேல் இருந்த ஸ்பேனரை எடுக்கக் கையை உயர்த்தினேன், முகத்தை மூடிக்கொண்டாள். தலை வாரிவிடப் போனால் தானே வாரிக்கொள்கிறேன் என்கிறாள். ஒரு கையால் வாரத் தெரியாமல் கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போகிறாள்.

வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், கை சரியானதும் அப்பா லீவரை வைத்துத் தரட்டும் என்றாள். உங்களுக்கு ஓடும் கப்பலையே பிரித்து மாட்டத் தெரியும், ஆனாலும் எழுதிவைக்கிறேன். அந்தத் திருகை ஒரே மூச்சில் முழுக்கத் திருகாதீர்கள். கால் சுற்று திருகி, அவளைப் பிடித்துப் பார்க்கச் சொல்லி, மறுபடி கால் சுற்று. கேபிளில் கொஞ்சம் தளர்வு விடுங்கள், இல்லாவிட்டால் கிளட்ச் தேயும். கிளாம்ப் போல்ட்டை இறுக்கி முறுக்க வேண்டாம், விழுந்தால் லீவர் உடையாமல் சுற்றிக்கொள்ளும்.

வரும் இருபத்தி நாலாம் தேதி ஆபரேஷன். தவறாக ஒட்டிய எலும்பை மறுபடி உடைத்துத்தான் நேராக வைக்க வேண்டுமாம். மயக்க மருந்து கொடுப்பார்கள், வலி தெரியாது என்று டாக்டரம்மா அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"யாரு உடைப்பாங்க? அம்மாவா?"

பிள்ளை வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று டாக்டரம்மா சிரித்தார். நான் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன்.

கேப்டனின் காலைப் பிடித்தாவது லீவு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்களாம், நீங்கள் போங்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் திட்ட வேண்டியதை வந்த பிறகு திட்டுங்கள். அவளிடம் எனக்காகப் பரிந்து எதுவும் பேச வேண்டாம். அவள் கண் விழிக்கும்போது பயப்படாமல் பார்க்க ஒரு முகம் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இருபத்தி நாலுக்கு முன் உங்களை எதிர்பார்த்துக்கொண்டு,

வண்டுவின் அம்மா