இரவு முறைக்காரனுக்கு வந்த சூரிய பம்பு

அனுப்புநர்
சி. கருப்புசாமி (வயது 56),
த/பெ. சின்னமுத்து,
மேட்டுக்காட்டுத் தோட்டம், கருவேலம்பதி,
கொல்லங்கோடு வழி, சிற்றூர் தாலூக்கா,
பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு கிருஷி (வேளாண்மை) ஆபீசர் அவர்கள்,
கிருஷி பவன், கருவேலம்பதி.

பொருள்: பங்குக் கிணற்றில் சூரிய பம்பு வைத்தபின், இரவு முறை உள்ள எனக்குத் தண்ணீர் எடுக்க வழியில்லாமல் தென்னம்பிள்ளைகள் காய்வது – பழைய மின் இணைப்பைத் திரும்பக் கேட்பது – தொடர்பாக.

பார்வை: நான் நேரில் வந்து சொன்னவை. எழுத்தில் ஏதும் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மலையாளம் எனக்குப் பேச வரும், எழுத வராது. தங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று தங்கள் அலுவலகக் கிளார்க் ஜிபி சார் சொன்ன தைரியத்தில் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் வந்தால் எனக்குப் பாதிதான் வாயில் வருகிறது. மீதி, திரும்பிப் போகும் பஸ்ஸில்தான் ஞாபகம் வருகிறது.

1. எனக்கும் என் அண்ணன் தனபாலுக்கும் ஒரே கிணறு. எங்கள் தகப்பனார் உயிரோடிருக்கும்போதே நிலத்தை இரண்டாகப் பிரித்து ஆதாரப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தார். நிலத்தைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாதல்லவா? ஆகவே காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அண்ணனுக்கு, மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை எனக்கு என்று முறை எழுதி வைத்தார். நான் இளையவன், தூக்கம் விழிக்கத் தாங்குவேன் என்பது அவர் கணக்கு. இன்னொன்றும் இருந்தது. எங்கள் பக்கம் பகலில் வோல்டேஜ் இருக்காது, மோட்டார் முனகும். இரவில்தான் நின்று ஓடும். அப்போது ஊரே என்னைத்தான் யோகக்காரன் என்றது. அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் அந்த முனகுகிற மோட்டாரை வைத்துக்கொண்டே இத்தனை வருடம் விவசாயம் பார்த்தார்.

2. போன ஐப்பசியில் அரசாங்கத் திட்டத்தின் கீழ் எங்கள் கிணற்றுக்குச் சூரிய பம்பு வந்தது. பழைய மின் இணைப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பங்குதாரர் இருவரும் கையெழுத்துப் போட்டோம். துவக்க நாளன்று காலை பதினோரு மணிக்கு நல்ல வெயில். தங்களுக்கு முன்பிருந்த ஆபீசர் வந்தார், பம்பு நிறுவனத்து ஆட்கள் வந்தார்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் குழாயை விட்டு எகிறி விழுந்தது. எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். இந்தக் கிணற்றுக்கு இரவு முறை என்று ஒன்று உண்டு என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் உறைக்கவில்லை. பழக்க தோஷம் ஐயா. தண்ணீரைக் கண்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறெதுவும் தோன்றாது.

3. அன்று மாலை ஆறு மணிக்கு, வழக்கம்போல் மண்வெட்டியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு என் முறைக்குப் போனேன். சுவிட்சைப் போட்டேன். மறுபடியும் போட்டேன். பிறகுதான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி வள்ளியாத்தாள் சிரித்துவிட்டு, "ஏனுங்க, சூரியனத்தான் உங்க அண்ணன் பங்குல எழுதிட்டாங்களே. நெலாவுல ஓடற பம்பு ஏதாச்சும் இருக்குதான்னு ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க" என்றாள். மழை ஈரம் இருந்தவரை நாங்களும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். தை பிறந்த பிறகு அவள் சிரிப்பதில்லை.

4. என் பாகம் இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. முழுக்கத் தென்னம்பிள்ளை. வைத்து நாலு வருடம் ஆகிறது, இந்த வருடம் முதல் பாளை விட வேண்டியவை. இப்போது அடிமட்டைகள் காய்ந்து தொங்குகின்றன. மேல்வரிசையில் சிலதுக்குக் குருத்தே கருகிவிட்டது. வேறு வருமானம் எங்களுக்கு இல்லை. இந்தக் கோடையில் இவை போனால், மறுபடி வைத்து வளர்க்க எனக்கு வயது இல்லை.

5. தாங்கள் பொறுப்பேற்றதும் வந்து பார்த்தேன். "பகலில் இறைத்துத் தொட்டியில் வைத்து, இரவில் பாய்ச்சலாமே" என்றீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் பகலில் இறைக்கும் தண்ணீர் அண்ணனுடையது. அதை என் தொட்டியில் நிரப்பினால் அதற்கு வேறு பெயர். பேட்டரி வைக்கலாமா என்று பம்பு மெக்கானிக் ஷாஜியிடம் கேட்டேன். இந்த செட்டுக்கு அது ஒத்துவராது என்று கையை விரித்துவிட்டார். டீசல் என்ஜின் வாடகைக்கு எடுத்து ஓட்டியும் பார்த்தேன். இன்னும் காய்க்காத மரத்துக்கு டீசல் ஊற்ற எத்தனை நாள் முடியும்? அதற்கு மேல், பகல் முழுக்கச் சூரியன் இறைத்துவிடுவதால் மாலையில் கிணற்றில் சேறுதான் கிடக்கிறது. இரவெல்லாம், அதாவது என் முறையில், ஊற்றுத் தண்ணீர் சேருகிறது. விடிந்ததும் அது அண்ணனின் வாழைக்குப் போகிறது. வரப்பில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

6. நாள் விட்டு நாள் எடுத்துக்கொள்ளலாமா என்று அண்ணனிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். "பாக்கலாந் தம்பி" என்றார். அதன் பிறகு நான் போனால் வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்கிறார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பகல் முழுவதும் தண்ணீர் உண்டென்று நம்பி வாழை போட்டுவிட்டார், அது இப்போது தார் விடும் தறுவாயில் நிற்கிறது. ஒரு நாள் விட்டால் மடங்கிவிடும். ஆயுளில் முதல்முறையாக அவருக்கு நல்ல தண்ணீர் கிடைத்திருக்கிறது. அதைப் பாதியாக்கு என்று மறுபடி கேட்க எனக்கே மனம் வரவில்லை. இந்த மனு அண்ணன் மீதான புகார் என்று தயவுசெய்து கொள்ள வேண்டாம். சூரியன் மீதும் எனக்குப் புகார் இல்லை. யார் மீது புகார் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

7. மின் இணைப்பைத் திரும்பக் கேட்டதற்கு, ஒரு கிணற்றுக்கு ஏதாவது ஒன்றுதான், கரண்ட் வேண்டுமென்றால் சூரியத் தகட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டும், அதற்கும் பங்குதாரர் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று சொல்லப்பட்டது. தகட்டைக் கழற்றினால் அண்ணன் பழையபடி முனகுகிற மோட்டாருக்குப் போக வேண்டும். கழற்றாவிட்டால் என் மரம் போகிறது. ஒரே தகப்பன் பிள்ளைகளில் யாராவது ஒருவர் காய வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது போலும்.

8. நான் கேட்பது இவ்வளவுதான். தகடு அண்ணனுக்கு அப்படியே இருக்கட்டும். என் இரவு முறைக்கு மட்டும் பழைய கம்பத்திலிருந்து ஒரு இணைப்புக் கிடைக்க, மேலிடத்துக்கு எழுதித் தர வேண்டும். கம்பம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. கரண்ட் வந்தால் ஊறுகிற தண்ணீரை இரவிலேயே என் பங்குக்கு எடுத்துக்கொள்வேன், அண்ணனுக்கும் கொஞ்சம் குறையும், இருவரும் தட்டிமுட்டிப் பிழைத்துக்கொள்வோம். அப்படி ஒரு விதியே கிடையாது என்று ஜிபி சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதாமல் வீட்டில் இருக்க முடியவில்லை.

9. கடைசியாக ஒன்று. இம்மனுவிலும் அண்ணன் கையொப்பம் வேண்டும் என்றார்கள். அவருடைய வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மாட்டேன் என்று சொல்லவில்லை, போடாமலே திரும்பி வந்தது. ஆனால் ஐயா, தினமும் பொழுது சாயும் நேரத்தில் பம்பு திணறி, தண்ணீர் நூலாக வரும். அப்போது தன் முறை முடியும் முன்பே அண்ணன் வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வால்வை என் பக்கம் திருப்பிவிட்டுப் போகிறார். அந்தத் தண்ணீர் வரப்போரத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் எட்டாது. மேட்டுக்காட்டில் இன்று பச்சையாக நிற்பவை அந்த இரண்டு மட்டும்தான். கையொப்பம் இல்லை என்று மனுவைத் தள்ளுவதற்கு முன், தாங்கள் ஒரு முறை நேரில் வந்து அந்த இரண்டையும் பார்க்க வேண்டும். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை மற்றவை நிற்காது.

தங்கள் வருகைக்கு வழிபார்த்திருக்கும்,

இடம்: கருவேலம்பதி
நாள்: 04.04.2025

பங்குதாரர்கள் கையொப்பம்:

இரவு முறை: (ஒப்பம்) சி. கருப்புசாமி

பகல் முறை: சி. தனபால் ........................