கவிழ்ந்தால் நிமிரும் படகு

ஜீவனஹள்ளி, பெங்களூரு

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். முழங்கால் வலி குறைந்ததா? போனில் கேட்டால் "எல்லாம் நல்லாருக்கு" என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதிக் கேட்கிறேன். நான் நலம், கொஞ்சம் அசதி மட்டும்.

சுற்றுலாப் பயணிகளுக்காக எங்கள் கம்பெனி ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்குவதற்காக, சிறிய கேட்டமரன் படகுகள் இரண்டை ஏரியில் ஓட்டிப் பார்த்தோம். நம்மூர்க் கட்டுமரம் இல்லை. இரண்டு ஒல்லிப் படகுகளை இணைத்துப் பாய் கட்டியது. ஒன்றுக்குப் பாய் பெரிது. காற்று பிடித்ததும் பறந்தது.

"இதையே ஃபைனல் பண்ணிடலாம்மா" என்றார் மேனேஜர் ப்ரஹ்லாத். உடனே காற்று திரும்பி, படகு தலைகீழாகிவிட்டது. பயப்படாதீர்கள், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். எவ்வளவு இழுத்தும் படகு நிமிரவில்லை. மோட்டார் படகு வரும்வரை அவர் என் கையை விடவே இல்லை.

அடுத்து, பாய் சிறியதான இன்னொரு மெதுவான படகை நானே வேண்டுமென்று கவிழ்த்தேன். அதன் பாய்மர உச்சியில் மிதவை இருப்பதால் முழுதாகப் புரளவில்லை. கயிற்றைப் பிடித்துத் தொங்கியதும் எழுந்துவிட்டது.

"ஸ்லோவா போனா யாரும்மா ஏறுவாங்க?"

"ஏறினவங்க வீட்டுக்குப் போகணும் சார்."

நேற்று மாலை அவர் மெதுவான படகையே ஆர்டர் செய்துவிட்டார். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை, உடம்பெல்லாம் வலி.

மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது, அரைத்து அனுப்புங்கள். கூடவே உங்கள் பழைய சேலை ஒன்று, போர்த்திக்கொள்ள. போர்வை இங்கே கிடைக்கும், ஆனாலும் சேலைதான் வேண்டும். ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது, போகிறேன்.

சேலையைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
அல்போன்சா