நீ வைத்த பேர்

அன்புள்ள மகன் மணிகண்டராஜுக்கு, ஆமத்தூரிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி பானுப்பிரியா மூன்று பேரும் சுகம். எப்போதும் கடமைக்கு எழுதுகிற சுகம் இல்லை, இந்தத் தடவை நிஜமாகவே சுகம். எல்லையில் அந்தப் பனியில் நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உன் முகாமில் டவர் கிடைக்காது என்பதால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

பானு கொஞ்சம் ஓடினாலே இருமிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்பது உனக்குத் தெரியும். கோ-கோ மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுக்கிற நேரத்தில், உடம்பு வணங்காத பிள்ளை எனக்கு வேண்டாம் என்று விளையாட்டு டீச்சர் அவளை நிறுத்திவிட்டார். சோறு கூடத் தின்னாமல் அழுதாள். நானும் சளி என்றுதான் இருந்தேன். பட்டாசுக் கம்பெனி ஊருல இருமத்தான செய்யும் என்று எல்லாரும் சொல்வார்கள், காட்டின டாக்டரும் சிரப் எழுதிக் கொடுப்பார், வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டிவிட்டோம்.

இந்தத் தடவை அப்பா பிடிவாதமாக விருதுநகரில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அங்கேயும் நான் சளி, இருமல் என்று பழைய பாட்டையே பாடினேன், அவரும் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து உன் அப்பா, ஏ விசிலு, சேரை இங்கன தள்ளிப் போட்டு உக்காரு என்றார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, ஏன் அப்படிக் கூப்பிடுறீங்க என்று கேட்டார். தூங்கும்போது நெஞ்சுக்குள்ள விசில் வெடி கணக்கா சத்தம் வரும்மா, அவ அண்ணன்காரன் வச்ச பேரு என்று அப்பா பெருமையாகச் சொன்னார். நோயவே பேரா வச்சுக் கூப்பிட்டுட்டு எங்கிட்ட மட்டும் சொல்லலியேம்மா என்று அவருக்குச் சிரிப்பு. ஒரு குழாயில் ஊதச் சொன்னார், மருந்தை உறிஞ்ச வைத்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னார், அதிலிருந்த முள் முன்னைவிட எங்கேயோ மேலே போய் நின்றது. ஆஸ்துமாவாம். தீருமா தீராதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பானு மட்டும், அப்ப நான் சோம்பேறி இல்லையா டாக்டர் என்று கேட்டாள் பார், அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

அன்றிலிருந்து தினமும் இன்ஹேலர். கொசுவத்தியை நிறுத்தி வலை கட்டியிருக்கிறேன், பட்டாசுக் கம்பெனி வேலையிலிருந்து வந்ததும் மருந்துத் தூசி போகக் குளித்துச் சேலை மாற்றிவிட்டுத்தான் அவள் பக்கம் போகிறேன். பொம்பளப் பிள்ளைக்கு பம்ப்பா, நாளைக்கு எவன் கட்டுவான் என்று பக்கத்து வீட்டு செல்லக்கனி அத்தை வந்து நின்றாள். மூச்சு இருந்தாத்தான மதினி கல்யாணம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் நானே போய் டீச்சரிடம் விளக்கினேன். அவரும் முகம் வாடிப்போய், பிள்ளையை மறுபடி அணியில் சேர்த்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை இறுதி ஆட்டம். எதிரணிப் பிள்ளை ஒருத்தி யார் கைக்கும் சிக்காமல் ஓடிக்கொண்டிருந்தாள், பானுதான் விரட்டினாள். நான் ஆட்டத்தையா பார்த்தேன், அவள் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டுவிட்டாள் ராஜா, கோப்பை நமக்கு. மைதானமே விசில் அடித்தது, அவள் நெஞ்சு மட்டும் விசில் அடிக்கவில்லை. லோடு ஏற்றப் போகாமல் லீவு போட்டு வந்த அப்பா துண்டைச் சுழற்றிக்கொண்டு கோட்டுக்குள்ளேயே ஓடிவிட்டார். மறுநாள் செல்லக்கனி அத்தை மெதுவாக வந்து, எம்மவனுக்கும் அந்தச் சத்தம் கேக்குதுடி, அந்த டாக்டரு எங்கன இருக்காக என்றாள். வருகிற திங்கட்கிழமை நானே கூட்டிப்போகிறேன்.

சாத்தூர் சேவு அனுப்பியிருக்கிறேன், கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. காதை மூடிக்கொள், குளிரில் விறைப்புக் காட்டாதே. ஆயுசோடும் பேரோடும் இரு. ஒன்றை மறந்துவிடாதே. நீ பதில் எழுதினால் பானுதான் முதலில் பிரிப்பாள். விசில் என்று எழுதாதே, பானுப்பிரியா என்று முழுப் பேரையும் எழுத வேண்டுமாம். விசில் என்கிற பேருக்கு இப்போது இந்த வீட்டில் ஆள் இல்லையாம்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
மாரிசெல்வி